துப்புங்க, காறுங்க

செவ்வாய்க்கிழமை, கிள்ளான்.

ஆஸ்பத்திரியில் சோதனைக்குச் சளி எடுக்க வந்த புதுக் குழலை இந்த வாரம் சோதிக்கிறோம். ஊதினால் எழும் ஒலி நெஞ்சை அதிரவைத்துச் சளியை இளக்குமாம். நேற்று லோரி ஓட்டும் முனியாண்டி அங்கிளை ஊதவைத்து, "துப்புங்க அங்கிள்" என்றேன். போத்தலில் வெறும் எச்சில். இன்று அதே குழல், அதே அங்கிள். வேலைக்கு வந்து இரண்டே மாதமான கவிதா, "ஊதிட்டு நல்லா காறுங்க அங்கிள், வெக்கப்படாதீங்க லா" என்றாள். கெட்டியாக மஞ்சள் சளி வந்துவிட்டது.

"இந்தப் பொண்ணு கெட்டிக்காரி லா" என்று அங்கிள் என்னிடமே சொன்னார். வயிறு எரிந்தது. பதினோரு வருடமாக நான் எல்லோரையும் துப்பத்தான் சொல்லியிருக்கிறேன்.

அறிக்கையில் 'குழல் நன்றாக வேலை செய்கிறது' என்று மட்டும் எழுதினேன்.

நாளை கவிதாவுக்கு லீவு. நானும் காறச் சொல்வேன்.