கடலோரம் உலாத்திய அக்காவுக்கு

என்னைத் தூக்கி வளர்த்த அஞ்சலை அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. இந்த ஊர் மட்டும் மாறவில்லை. சாயங்காலமானால் கடலோரப் பாடாங் திடலில் பேண்டு வாசிக்கிறார்கள். கடைக்காரர்களும் கணக்கெழுதும் கிராணிமார்களும் தொப்பையைத் தள்ளிக்கொண்டு உலாத்துகிறார்கள். பார்த்தாலே குமட்டுகிறது எனக்கு.

போன வெள்ளிக்கிழமை என் மகள் செல்லத்தைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் கடலுக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணி. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "படகு இறங்கி நேரா வரலைங்க. பாடாங்குல அப்படியே காத்தாட உலாத்திட்டு வர்றோம்" என்றார்.

கேசரித் தட்டைக் காலி செய்துவிட்டுக் கேட்டார்: "பொண்ணோட அத்தை ஒருத்தி பொழுது சாஞ்சா அங்கதான் ஊர் மேஞ்சிட்டு இருக்குமாமே?"

அதே திடல், அக்கா. அதே காற்று. அந்த வாயை என்ன செய்வது?

பகலெல்லாம் குந்தி உட்கார்ந்து ஊருக்கே மசாலா அரைத்தவள் நீ. "நிமிந்து நாலு எட்டு நடந்தாத்தான்டா இடுப்பு ஆறுது. உலாத்திட்டு வந்துடறேன்" என்பாய். அப்போது நானும்தானே "ஊர் சுத்தாதே" என்று வாசலை மறித்தேன்? நான் நடந்தால் உலாத்தல், நீ நடந்தால் மேய்ச்சல் என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அந்த ஆளை விடு. நான் சொன்ன பதிலைக் கேள். "எங்க அக்காவுக்குக் கொஞ்சம் புத்தி சரியில்லாம இருந்துச்சுங்க" என்றேன். என் வாயால் சொன்னேன். அவர் நிம்மதியாகத் தலையாட்டினார். பைத்தியமென்றால் பரவாயில்லையாம், நடந்தவள் என்றால்தான் குற்றமாம்!

காபித் தட்டோடு நின்றிருந்த செல்லம், "அத்தைக்குப் புத்தியெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. உலாத்தத்தான் போச்சு. நானும் கூடப் போயிருக்கேன்" என்றாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். வந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

சம்பந்தம் போனதில் வருத்தமில்லை. செல்லம் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. எப்படிப் பேசுவாள்? எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது.

நாளைச் சாயங்காலம் அவளைப் பாடாங்குக்குக் கூப்பிடப் போகிறேன். வருவாளா, தெரியவில்லை. வந்தால், அந்தத் தொப்பைகளுக்கு நடுவே, பேண்டு முடியும்வரை மெதுவாக நடப்போம். எவனாவது எங்கே என்று கேட்டால், "உலாத்த வந்தோம். எங்க அக்கா தினம் வந்த இடம்" என்று எல்லார் காதிலும் விழச் சொல்வேன். இது சத்தியம்.

உன்னைப் பைத்தியம் என்று சொன்ன
உன் தம்பி
முத்து