ஒரு விரல் படாது

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணா,

நீயும் அண்ணியும் சௌக்கியம்தானே? நான் அனுப்பிய ஸ்வெட்டரைப் போடாமல் பெட்டியில் பூட்டி வைத்திருப்பாய், தெரியும்.

நேற்றுப் பிரதமர் வானொலியில் பேசியதைக் கேட்டாயா? எழுதியது வழக்கம்போல நான்தான். ஆனால் இந்த முறை எழுத வைத்தது அவர். "ஒரு பிடி மண்ணைக்கூட விட்டுத்தர மாட்டோம்" என்று பழக்கதோஷத்தில் எழுதியிருந்தேன். அதைத் தன் கையாலேயே அடித்தார். "இத்தனை வருஷமா பட்டாளத்தை அனுப்பி என்னம்மா கண்டோம்? மலையில இருக்கிறவங்களும் நம்ம பிள்ளைங்கதான். வரச்சொல்லு, பேசுவோம். வர்றவங்க மேல ஒரு விரல் படாதுன்னு எழுது" என்றார். கண் கலங்கியிருந்தது. இத்தனை காலம் இவரிடம் வேலை பார்க்கிறேன், நடிப்பு எது, நிஜம் எது என்று எனக்குத் தெரியாதா?

அண்ணியின் தம்பியைப் பற்றிச் சொன்னேன். மலைப்படையில் அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள் என்றேன். "அப்ப அவரையே வரச்சொல்லும்மா. நான் வாக்கு குடுக்கிறேன்" என்றார்.

அவரிடம் பேசு அண்ணா. நீயே கூட்டி வா. அவருக்கு நான் பொறுப்பு.

உன் வாலு

பிப்ரவரி 26

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தபோது ஒரு பசுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கன்று குறுக்கே கிடந்தது. மாட்டுக்காரர் விளக்கைப் பிடித்துக்கொண்டே, "பிரதமர் பேசினாரே, நிஜமா டாக்டர்?" என்று கேட்டபடி இருந்தார். "என் தங்கச்சி எழுதினது, நிஜமில்லாம என்ன?" என்றேன். டீக்கடையிலும் இதே பெருமைதான். நீ சிரிப்பாய்.

நெட்டையைப் பார்த்தேன். தலையை இடித்துக்கொள்ளாமல் எந்த வீட்டுக்குள்ளும் அவனால் நுழைய முடியாது, அதனால் என் மச்சினனுக்கு மலை முழுக்க அதுதான் பெயர். "மாமா, இது அவர் பேச்சா, உங்க தங்கச்சி பேச்சா?" என்று கேட்டான்.

"ரெண்டுக்கும் என்னடா வித்தியாசம்?" என்றேன்.

"அவரை எனக்குத் தெரியாது. உங்களுக்காக வரேன்" என்றான்.

உன் அண்ணிக்கு இதில் மனசே இல்லை. "எங்கயோ உசுரோட இருக்கான்னு இருக்கேன். அந்த நிம்மதியையும் கெடுத்துடாதீங்க" என்கிறாள். எப்படியோ சமாதானப்படுத்திவிட்டேன். அடுத்த மாதப் பேச்சுவார்த்தைக்கு என் ஜீப்பிலேயே கூட்டி வருகிறேன்.

அண்ணன்

மார்ச் 29

தங்கைக்கு,

பேச்சுவார்த்தைக்கு வரச்சொன்ன அரசு விருந்தினர் மாளிகை வாசலில் வரவேற்பு வளைவு கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்து எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச பயமும் போய்விட்டது. நெட்டை இறங்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். உள்ளே பேச வந்தவர்கள் யாரும் இல்லை, போலீஸ்தான் இருந்தது. கையைப் பின்னால் கட்டும்போது அவன் அவர்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். "பரவாயில்ல மாமா. அக்காவைப் பார்த்துக்கங்க" என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திரும்பி வரும் வழியில் ரேடியோவில் பிரதமர் பேசினார். துப்பாக்கி தூக்கியவர்களோடு இனிப் பேச்சே கிடையாதாம். உன் எழுத்து நடை எனக்குத் தெரியாதா?

ஒன்றே ஒன்று சொல். உனக்கு முன்பே தெரியுமா?

அண்ணன்

ஏப்ரல் 6

அண்ணா,

தெரியும்.

மலைப்படை வைத்த குண்டு பட்டாள முகாமில் வெடித்ததிலிருந்து பிரதமர் தூங்கவில்லை. செத்ததெல்லாம் மீசை முளைக்காத பிள்ளைகள். கட்சிக்காரர்கள் மாறி மாறி வந்து காதில் ஓதினார்கள். நீங்கள் கிளம்பவிருந்த அன்று காலை என்னைக் கூப்பிட்டு, "பேச்செல்லாம் முடிஞ்சதும்மா. கடுமையா எழுது" என்றார். "வந்துகிட்டிருக்கிறவங்க?" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அதை உள்துறை பார்த்துக்கும்."

நீ மதியம்தான் கிளம்புவாய் என்று எனக்குத் தெரியும். உன் மாட்டாஸ்பத்திரி நம்பரும் மனப்பாடம். போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். ரகசியத்தைச் சொன்னால் ஜெயில் என்று பயந்தேன். அதைவிடக் கேவலம், அவர் சாயங்காலத்துக்குள் மனசு மாறிவிடுவார், அதற்குள் நான் ஏன் கெட்ட பெயர் எடுக்க வேண்டும் என்றும் நினைத்தேன். பிறகு உட்கார்ந்து எழுதினேன். நன்றாகவே வந்தது.

அண்ணியிடம் மறைக்காதே.

தங்கை

செப்டம்பர் 14

அண்ணா,

நீ பதில் போடவில்லை. போடாததும் சரிதான்.

பிரதமர் மறுபடி மாறிவிட்டார். "பட்டாளத்தால ஆகாதும்மா. முன்ன எழுதினியே, அந்த மாதிரி மனசைத் தொடுறாப்பல ஒண்ணு எழுது" என்றார். கண்கள் அதே போலக் கலங்கின. இப்போதும் பொய்யில்லை அண்ணா. அவர் எப்போதும் அந்த நேரத்துக்கு உண்மையாகத்தான் இருக்கிறார். "முதல்ல நம்பி வந்தவரை விடுங்க ஐயா" என்றேன். "அது கோர்ட் விஷயம்" என்றார்.

கோர்ட்டில் அரசு வக்கீல் சொல்வது உனக்கே தெரியும். வானொலியில் பேசியது பொதுவான அழைப்பாம், யாருக்கும் தனியாக வாக்குக் கொடுக்கவில்லையாம். நான் வேலையை விட்டுவிட்டேன். நேற்று உங்கள் வக்கீலைப் பார்த்தேன். பிரதமர் என்னிடம் சொன்னதைக் கூண்டில் ஏறி அப்படியே சொல்லப்போகிறேன். என்ன கேஸ் போட்டாலும் போடட்டும்.

இதைப் பெரிதாக நினைக்காதே. ஒரு போன் செய்திருந்தால் இதற்கெல்லாம் வேலையே இல்லை.

எல்லாம் முடிந்ததும் ஒருமுறை அங்கே வரட்டுமா?

தங்கை

டிசம்பர் 20

வாலுவுக்கு,

நெட்டை வீட்டுக்கு வந்துவிட்டான். உன் சாட்சியை வைத்துத்தான் நீதிபதி விட்டார். ஆள் பாதியாக இருக்கிறான். ஒரு காது கேட்கவில்லை. எப்படி என்று நாங்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

கூண்டில் உன்னைப் பார்த்தேன். அரசு வக்கீல் அந்தப் பாடு படுத்தியும் உன் குரல் நடுங்கவில்லை. வெளியே வந்து உன்னோடு பேசாமல் போனது தப்புதான்.

உன் அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவ ஒரு போன் பண்ணியிருந்தா இவன் காது போயிருக்காது" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "வேணாம்னு சொன்னேனே, நீங்க கேட்டீங்களா?" என்றாள். உன்னை நம்பினேன் என்று சொல்லி நான் தப்பிக்க முடியாது. பிரதமருக்கே வேண்டப்பட்டவன் என்ற மிதப்பில் ஜீப்பை ஓட்டியவன் நான்.

நேற்றுப் பிரதமர் மறுபடி வானொலியில் மலைக்காரர்களைப் பேச வரச்சொன்னார். நல்ல பேச்சுதான், யார் எழுதியதோ. டீக்கடைக்காரர் பாதியிலேயே ரேடியோவை அணைத்துவிட்டு டீ ஆற்றப் போய்விட்டார்.

வரட்டுமா என்று கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம். உன் அண்ணிக்கு நீயே ஒரு கடிதம் எழுது. பிரிக்க மாட்டாள். நான் பிரித்து வாசிக்கிறேன். முதல் வரியிலேயே எழுந்து போய்விடுவாள். நீ அடுத்ததை எழுது. என்றைக்காவது கடைசி வரி வரைக்கும் உட்கார்ந்து கேட்டாள் என்றால், அன்றைக்கு வா.

அண்ணன்