கேக் கடைக்குப் போன வீல்சேர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், அவருடைய முழங்கால் மட்டும் மழை வந்தால் முனகுகிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு கூத்து நடந்தது. நம் வீல்சேர் ரிப்பேர் கடையைப் பக்கத்துத் தெருவுக்கு மாற்றினோம் அல்லவா, நீ செய்துகொடுத்த வெப்சைட்டில் பழைய விலாசமும் பழைய போன் நம்பரும் அப்படியே கிடந்திருக்கின்றன. அதை நம்பி ஒரு பெரியவர், முன்சக்கரம் சிக்கிக்கொண்ட வீல்சேரில் மனைவியை உட்காரவைத்து, அதைப் பின்பக்கமாகச் சாய்த்து இழுத்துக்கொண்டு பழைய இடத்துக்கே போய்விட்டார். அங்கே இப்போது கேக் கடை. அன்று சாயங்காலம் அவர்கள் பேத்தி முதல்முறையாக மேடையில் பாடப் போகிறாளாம், பாட்டி வராமல் பாடமாட்டேன் என்று அடமாம். கேக் கடைக்காரம்மா வந்து சொன்னதும் அப்பா டூல்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வலியெல்லாம் மறந்து ஓடினார், பின்னாலேயே நானும். கேக் அலமாரிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து சக்கரத்தைக் கழற்றி, அச்சில் சுற்றியிருந்த நூலையும் முடியையும் பிய்த்தெடுத்து, பேரிங் மாற்றிக் கொடுத்தார். பெரியவரின் மனைவி வீல்சேரில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சக்கரம் சரியாயிடுச்சு, சந்தோஷம். அந்த வெப்சைட்டையும் கொஞ்சம் சரி பண்ணுங்க. நல்லா நடக்கிறவங்க யாரும் உங்க கடையைத் தேடி வரப்போறதில்ல" என்றார். அப்பா முகம் சுண்டிப்போயிற்று.

உன்னிடம் கேட்டால் அடுத்த வாரம் மாத்தறேம்மா என்பாய், களைத்து வரும் பிள்ளையை நச்சரிக்காதே என்பார் இவர். "அது பாப்பா செஞ்சது, நாம கை வச்சு ஏதாவது ஆயிடுச்சுன்னா" என்று அவருக்குப் பயம் வேறு. நானே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். எதை அழுத்தினேனோ, கடையே காணாமல் போய் வெறும் வெள்ளைத் திரை. அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வெப்சைட் கம்பெனியின் உதவி எண்ணில் பேசிய பெண் சிரிக்காமல், "பேக்கப் இருக்கும்மா, பயப்படாதீங்க" என்று பழையபடி கொண்டுவந்து, எங்கே எதை மாற்றுவது என்றும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். விலாசம், நம்பர், கடை திறக்கும் நேரம் எல்லாம் மாற்றினேன். அப்பா கருகருவென்ற முடியோடு இருந்த படத்தையும் எடுத்துவிட்டு இப்போதைய படத்தைப் போட்டேன், அதற்கு மட்டும் அரைநாள் அவர் என்னோடு பேசவில்லை.

கடைசியில் 'எங்களைப் பற்றி' பக்கம். 'அப்பாவும் மகளும் சேர்ந்து நடத்தும் கடை' என்று நீ எழுதியிருந்தாய். அங்கே கை நின்றுவிட்டது. பிறகு மனதைத் தேற்றிக்கொண்டு 'கணவனும் மனைவியும்' என்று மாற்றினேன். அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுப் படித்தார். "பாப்பாவ எடுத்துட்டியா?" என்றார். "அங்க இருக்கிறவள இங்க இருக்கான்னு எப்படிப் போடறது?" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்ப மனைவிய முதல்ல போடு, நீதான இப்ப பாத்துக்கற" என்றார். அப்படியே போட்டுவிட்டேன்.

இனி அந்தக் கவலையை விட்டுவிட்டு நீ உன் வேலையைப் பார், லீவு நாளில் நன்றாகத் தூங்கு, பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, மனம் நிறைந்து இருக்க எங்கள் ஆசீர்வாதம். பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறேன், உனக்கு வேண்டுமென்றால் கேள், யோசித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
வெப்சைட் பொறுப்பிலிருக்கும்
உன் அம்மா