எந்த வருடம் வந்தீர்கள்?

ஸ்காபரோ, ரொறன்ரோ
11.02.1996

அன்புள்ள றீமா,

இந்தக் கையெழுத்தை நீ மறந்திருக்க மாட்டாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். மறந்திருந்தால் சொல்லிவிடுகிறேன், நான் வேரோனிக்கா. பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் உன் பக்கத்து மேசையில் இருந்து புள்ளிவிபரவியல் படித்தவள். யாழ்ப்பாணத்தில் உங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தவள்.

உன் விலாசத்தைத் தந்தது ஸுபைர். இங்கே லோறன்ஸ் வீதியில் இறைச்சிக் கடை வைத்திருக்கிறார். அவருடைய பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்கள் யாழ்ப்பாணமோ?" என்றேன். "ஓம், சோனகதெரு" என்றார். "அங்கை றீமா எண்டு ஒரு கணக்கு ரீச்சர்..." என்று நான் தொடங்கவும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "என்ர பெரியும்மாவின்ர மகள்தான். புத்தளத்திலை, அகதி முகாமிலை இருக்கிறா" என்றார். இறைச்சி சுற்றும் தாளிலேயே விலாசத்தை எழுதித் தந்தார். அந்தத் தாள் மூன்று கிழமையாக என் கைப்பையில் கிடந்தது.

நீ சுகமா? உன் உம்மா சுகமா? நான் தொண்ணூற்றொன்றில் இங்கே வந்தேன். இரண்டு வருடம் பிஸ்கற் பெட்டி அடுக்கினேன். இப்போது வந்தேறிய குடும்பங்களுக்கு உதவும் ஓர் அலுவலகத்தில் வேலை. அம்மாவும் அப்பாவும், சண்டையால் ஊரே வெளியேறிய ஒக்டோபர் இடப்பெயர்வில் நடந்தே கொடிகாமம் போய், ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

உன்னிடம் ஓர் உதவியும் கேட்க வேண்டும். எங்கள் அலுவலகம் முந்நூறு வந்தேறு குடும்பங்களைக் கணக்கெடுத்தது. இருநூற்று நாற்பது ஆசியக் குடும்பங்கள்: ஹொங்கொங், இந்தியா, பிலிப்பைன்ஸ், எங்கள் ஆட்கள். அறுபது பாலஸ்தீனக் குடும்பங்கள். சொந்த வீடு உண்டா, படித்த படிப்புக்கு ஏற்ற வேலையா, பிள்ளைகள் மேலே படிக்கிறார்களா, கஷ்டத்துக்குக் கூப்பிட ஆள் உண்டா என்று கேட்டோம். வீடு வீடாகப் போனவர்களில் நானும் ஒருத்தி. ஆசியர்களில் பாதிப் பேருக்கு மேல் சொந்த வீடு. பாலஸ்தீனர்களில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வேலையிலும் அப்படித்தான். அதனால் அறிக்கையில் ஒரு வசனம் வரப்போகிறது: "ஆசியக் குடும்பங்கள் உழைப்பாலும் கட்டுப்பாட்டாலும் முன்னேறுகின்றன, பாலஸ்தீனக் குடும்பங்களிடம் அந்த முயற்சி குறைவு." அந்த வசனம் வந்தால், முயற்சி இல்லாதவர்களுக்கு எதற்கு என்று மிசிசாகாவில் அவர்களுக்காக நடக்கும் வகுப்புகளை மூடிவிடுவார்கள்.

கூட்டலில் பிழை இல்லை. நான் இரண்டு முறை பார்த்தேன். ஆனால் என்னால் அதை நம்ப முடியவில்லை. சமீஹா என்று ஒரு பெண், குவைத்தில் பதினான்கு வருடம் மருந்தாளராக இருந்தவள். வளைகுடாச் சண்டைக்குப் பிறகு பாலஸ்தீனர் எல்லோரையும் போகச் சொன்னபோது வெளியேறியவள். கையில் இருந்தது எகிப்து கொடுத்த பயணப் பத்திரம். அதை வைத்துக்கொண்டு எகிப்துக்குள்ளேயே போக முடியாதாம். இப்போது விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறாள். காலை ஐந்து மணி பஸ், பின்னேரம் வகுப்பு. இவளுக்கு முயற்சி குறைவு என்று நான் எப்படி எழுதுவது?

அட்டவணையின் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். வகுப்பில் எங்கள் எல்லோருடைய பிழையையும் கண்டுபிடிப்பவள் நீ. நேரம் இருந்தால் ஒரு தரம் பார்.

அன்புடன்,
வேரோ

*

பாலாவி, புத்தளம்
10.03.1996

வேரோனிக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். ஐந்து வருடமும் மூன்று மாதமும் கழித்து நலம் விசாரித்ததற்கு நன்றி. உம்மாவும் நலம். எனக்குக் கலியாணம் ஆகிவிட்டது. அவர் பெயர் பாயிஸ். யாழ்ப்பாணத்தில் புடைவைக் கடை வைத்திருந்தவர், இங்கே சைக்கிளில் துணி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார். ரிஃப்னா என்று மூன்று வயதில் ஒரு மகள். நான் முகாம் பள்ளிக்கூடத்தில் தொண்டராசிரியை. சான்றிதழ்கள் கையில் இல்லாததால் நியமனம் இன்னும் இழுபடுகிறது.

உங்கள் அம்மா அப்பாவை நினைத்துத் துக்கப்பட்டேன். ஒக்டோபர் முப்பதாம் திகதி யாழ்ப்பாணம் முழுக்க வெளியேறுகிறது என்று வானொலி சொன்னது. ஐந்து வருடத்துக்கு முன்னால் இயக்கம் முஸ்லிம்களாகிய எங்களைத் துரத்தியதும் அதே திகதிதான். இங்கே ஒருவர், "இப்ப தெரியட்டும் அவங்களுக்கு" என்று சிரித்தார். உம்மா எழும்பிப் போய், "வாயைக் கழுவுங்கோ தம்பி. புள்ளைகளும் மழைக்குள்ளை நடந்து போகுதுகள்" என்றார். உங்கள் வீட்டு வாசலை நினைத்தேன்.

இனி அட்டவணை.

முதலாவது, பாலஸ்தீனம் ஆசியாவில்தான் இருக்கிறது. ரொறன்ரோவில் யாராவது உலகப்படம் வைத்திருந்தால் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஹொங்கொங்கில் வீட்டை விற்றுவிட்டுப் பணத்தோடு வந்தவரையும், கட்டியிருந்த சேலையோடு வந்தவரையும் ஒரே நிரலில் போட்டுச் சராசரி எடுத்திருக்கிறீர்கள். அந்தச் சராசரியில் எங்கள் ஆட்களுடைய முகமே இல்லை. அவர்களைத் தனியே பிரித்துப் பாருங்கள், எவ்வளவு முன்னேறியிருக்கிறார்கள் என்று தெரியும்.

மூன்றாவது, இதுதான் பெரிய பிழை. வந்த வருடம் எங்கே? படிவத்தில் கேட்டிருப்பீர்கள், அட்டவணையில் இல்லை. இருபத்தைந்து வருடம் இருந்தவனையும் மூன்று வருடம் இருந்தவனையும் ஒன்றாக நிறுக்க முடியாது. வருடப்படி பிரித்து, எண்பதுக்கு முன் வந்தவரை எண்பதுக்கு முன் வந்தவரோடும், தொண்ணூறுக்குப் பின் வந்தவரைத் தொண்ணூறுக்குப் பின் வந்தவரோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகும் வித்தியாசம் மிஞ்சினால் அதைப் பற்றிப் பேசலாம்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்து மட்டும் தெரியவில்லை. போன மாதம் முகாமுக்கு ஓர் அதிகாரி படிவத்தோடு வந்தார். "அஞ்சு வருசமா ஓலைக் குடிசையிலைதான் இருக்கிறீங்க. பக்கத்து ஊர் ஆக்கள் கல்வீடு கட்டிட்டாங்க. உங்களுக்கு முயற்சி போதாது" என்றார். பக்கத்து ஊர் ஆட்களுக்குக் காணி இருக்கிறது, அதற்கு உறுதிப் பத்திரம் இருக்கிறது, அவர்களுடைய வாப்பாவின் தென்னை இருக்கிறது. எங்களுக்கு ஊரை விட்டுப் போகத் தந்தது இரண்டு மணித்தியாலம். அதை எழுத அவருடைய படிவத்தில் பெட்டி இல்லை. அவர் எழுதிக்கொண்டு போனார், நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெண்ணுக்கு என் ஸலாம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
றீமா பாயிஸ்

*

ஸ்காபரோ
07.04.1996

அன்புள்ள றீமா,

இன்று உயிர்த்த ஞாயிறு. கோவிலால் வந்து நேரே மேசையில் இருந்துவிட்டேன். "நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். அது நியாயம்தான். ஆனாலும் அந்தக் கடிதத்தைப் பஸ்ஸில் இரண்டு தரம், வீட்டுக்கு வந்து ஒரு தரம் படித்தேன்.

நீ சொன்னபடி செய்தேன். முந்நூறு படிவங்களையும் தரையில் பரப்பி, வந்த வருடப்படி அடுக்கினேன். எண்பதுக்கு முன் வந்த பாலஸ்தீனர்களில் பல்வைத்தியர் இருக்கிறார், பலசரக்குக் கடைக்காரர் இருக்கிறார், நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் சொந்த வீடு. அதே காலத்தில் வந்த எங்கள் ஆட்களைவிட ஒரு படி மேலே. தொண்ணூறுக்குப் பின் வந்தவர்களில் எங்களுக்கு நூற்றுக்குப் பதினான்கு, அவர்களுக்குப் பதினைந்து. பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்புவதில் அவர்கள் முன்னால். அந்த அறுபது வீடுகளில் முக்கால்வாசி போன நாலைந்து வருடத்துக்குள் வந்தவை. பிழை அங்கேதான் இருந்தது. தரையில் இருந்தபடியே நான் கொஞ்ச நேரம் அழுதேன், றீமா. துக்கத்தில் இல்லை.

எங்கள் அலுவலகத்துக்குப் பொறுப்பானவர் கஸ்பர் அங்கிள், ஊர்க்காரர். புது அட்டவணையைக் கொண்டுபோய் நீட்டினேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"பிள்ளை, எங்கட சனம் உழைச்சு முன்னுக்கு வந்திருக்கு எண்டு இப்பதான் இந்த நாட்டிலை எழுத வருகினம். அந்த நேரம் பாத்து நீர் ஏன் குறுக்கை நிக்கிறீர்?" என்றார்.

"அங்கிள், நீங்கள் எந்த வருசம் வந்தனீங்கள்?"

"எழுபத்திநாலு. ஏன்?"

"நான் தொண்ணூற்றொண்டு. நீங்கள் யூனியன்விலிலை சொந்த வீட்டிலை இருக்கிறியள். நான் ஆக்களின்ர பேஸ்மென்றிலை இருக்கிறன். அப்ப எனக்கு முயற்சி போதாதோ?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அட்டவணையைத் தன் பக்கம் இழுத்து, விரலை வைத்து ஒவ்வொரு நிரையாகப் படித்தார். நான் வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

"உதை ஏன் முதலே செய்யேல்லை?" என்றார்.

"செய்யத் தெரிஞ்ச ஆள் புத்தளத்திலை இருக்கிறா அங்கிள்."

அந்த வசனத்தைத் தன் பேனாவாலேயே வெட்டினார். மிசிசாகா வகுப்பு இன்னும் இரண்டு வருடம் நடக்கும் என்று பெரிய வெள்ளிக்கு முதல்நாள் கடிதம் வந்தது. சமீஹாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். உடனே குசினிக்குள் யாரையோ அரபியில் கூப்பிட்டாள், நாலைந்து குரல் ஒன்றாகக் கேட்டது. உன் ஸலாமையும், நீயும் துரத்தப்பட்டவள் என்பதையும் சொன்னேன். "அந்தப் பெண்ணை எங்கிருந்து துரத்தினார்கள்?" என்று கேட்டாள். நான் சொன்னேன். "யார் துரத்தினார்கள்?" என்றாள். "எங்கள் ஆட்கள்தான்" என்று சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன்.

ஒரு வித்தியாசம் மட்டும், எப்படிப் பிரித்தாலும், மிஞ்சியது. "கஷ்டத்துக்குக் கூப்பிட ஆள் உண்டா?" எங்கள் ஆட்களில் பத்துக்கு ஒன்பது பேர் "ஓம்" என்றார்கள். வேலை பிடித்துத் தர மச்சான் இருக்கிறான், தூரத்தில் இருக்கும் பிறம்ரனுக்குக் காரில் கூட்டிக்கொண்டு போகப் பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார். இந்த நகரம் முழுக்க நாங்கள்தானே. பாலஸ்தீனர்களில் பாதிப் பேர் "இல்லை" என்றார்கள். கொஞ்சப் பேர், ஒவ்வொருவரும் ஒவ்வொரு மூலையில்.

அந்தக் கேள்வியை அறுபது எழுபது வீடுகளில் நானே கேட்டேன். ஒவ்வொரு தரமும் முகத்தைப் பார்க்காமல் படிவத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன். ஏனென்று உனக்குத் தெரியும்.

உங்களைத் துரத்திய அன்றைக்கு நீ எங்கள் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு "வேரோ, வேரோ" என்று கூப்பிட்டாய். நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். பூட்டின் திறப்பு என் கையில் இருந்தது. அப்பா "திறவாதை" என்றார். அவர் சொன்னதால் இல்லை நான் திறக்காமல் நின்றது. எனக்குப் பயம். நீ கூப்பிடுவதை நிறுத்தியபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு காலமும் எழுதவில்லை. மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதினேன்.

வேரோ

*

பாலாவி
03.05.1996

அன்புள்ள வேரோ,

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் உன் கடிதம் வந்தது. பாயிஸ் வாசித்துக் காட்டச் சொன்னார், நான் முடியாது என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் வாசித்தேன்.

நீ கதவுக்குப் பின்னால் நின்றது எனக்கு அன்றைக்கே தெரியும். கதவுக்குக் கீழே உன் கால் தெரிந்தது. என் சான்றிதழ்களை உன்னிடம் தந்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். சந்தியில் துவக்கோடு இயக்கத்து ஆட்கள் இரண்டு பேர். எங்கள் சாமானை வாங்கி வைக்கும் வீடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முன் ஒழுங்கையில் ஒரு ஐயாவை அதற்காக இழுத்துக்கொண்டு போனதை வரும்போது கண்டிருந்தேன். அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை. வாய்க்குள்ளே துஆ ஓதினேன், வேரோ. "யா அல்லாஹ், அவள் திறந்துவிடக் கூடாது" என்று. நீ திறக்கவில்லை. எங்கள் ஆட்களைக் கூடச் சொன்ன மைதானத்துக்கு நடக்கும்போது அந்த ஒன்றுக்காவது அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன்.

உனக்கு ஆறுதலாக இருந்த அதே நேரம் எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. இதை நீ ஐந்து வருடம் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாய். பைத்தியம்.

எனக்குக் கோபம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் கதவுக்காக இல்லை. நாங்கள் போன பிறகு ஊரில் ஒருவராவது ஒரு வரி எழுதுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தபால்காரன் முகாமுக்கு வரும்போதெல்லாம் வாசலுக்கு வந்தேன். முதல் வருடம் ஒவ்வொரு நாளும் வந்தேன். பிறகு நிறுத்திவிட்டேன். அந்தக் கோபம் உன் முதல் கடிதத்தோடு பாதி போனது, இதோடு மீதியும் போய்விட்டது. சமீஹா கேட்ட கேள்விக்கு நீ என்றைக்காவது பதில் சொல்ல வேண்டும். எனக்கு இல்லை, அவளுக்கு. உன் வாயால் சொன்னால் போதும்.

கஸ்பர் அங்கிள் வசனத்தை வெட்டிய இடத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உம்மா சத்தமாகச் சிரித்தார், எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. பக்கத்துக் குடிசையிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி ஓடி வந்தாள். இந்தப் பக்கத்துக்குக் கலியாணம் முடித்து வந்தவள், எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"என்ன ரீச்சர், நல்ல சேதியா?" என்றாள்.

"ஓம். கனடாவிலை இருந்து என்ர சிநேகிதி கடிதம் போட்டிருக்கிறா."

"முஸ்லிமா?"

"இல்லை, வேதக்காரி."

"அப்ப எந்த ஊர் ஆள்?"

"எங்கட ஊர்தான்" என்றேன்.

உன்,
றீமா