பையன்களும் இருக்கட்டும்

அன்பு மகன் புவனேஷுக்கு,

அப்பா எழுதுகிறேன். புலாவ் செபாங்கில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். பெர்த்தில் நீ, மருமகள், குழந்தை ஷாமினி மூவரும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, இப்போது பசார் வரை நடக்கிறாள்.

வேறு ஆள் கிடைக்காமல் தமிழ்ப்பள்ளி மேலாளர் வாரியத்துக்கு என்னைத் தலைவராக்கியது உனக்குத் தெரியும். அண்மையில் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி பள்ளியிலேயே வயதுக்கு வந்து, என்னவென்று தெரியாமல், சாகப்போகிறோம் என்று பயந்து கழிப்பறையில் தாழிட்டுக்கொண்டாள், மோகனா டீச்சர் கதவோரம் உட்கார்ந்து பேசிப் பேசித்தான் வெளியே கொண்டுவந்தார். பிறகு அவள் அப்பா கணேசமூர்த்தி மண்டபம் எடுத்து, மகள் படத்தோடு பேனர் கட்டிச் சடங்கு செய்தார், நாங்களும் போய்ச் சாப்பிட்டு வந்தோம். உடல் வளர்ச்சி பற்றி வகுப்பெடுக்க டீச்சர் பெற்றோர் கூட்டத்தில் அனுமதி கேட்டபோது முதலில் எழுந்து மறுத்தவரும் அதே கணேசமூர்த்திதான். இதெல்லாம் ஸ்கூல்ல பேசுற விஷயமா லா, புள்ளைங்க கெட்டுப்போயிடும் என்றார். பின்வரிசையில் யாரோ, பேனர் மட்டும் ரயில் ஸ்டேஷன் வரைக்கும் தெரிஞ்சிச்சே அண்ணே என்றதும் கூட்டம் சிரித்தது. அவர் மனைவி திலகா சிரிக்கவில்லை. ஊருக்கே சொன்னோம், அவகிட்ட மட்டும் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லலையே என்றார். அதன் பிறகு மற்ற பெற்றோர்கள், பெண் பிள்ளைகளுக்கு மட்டும் நடத்தலாம் என்று சொல்லி என் முகத்தைப் பார்த்தார்கள். பையன்களும் இருக்கட்டும் என்றேன். சொன்னது சரிதானா என்று இன்னும் யோசிக்கிறேன். ஐயாகூடவா இப்படி, அப்ப நீங்களே போய் உக்காருங்க என்று கணேசமூர்த்தி சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை வகுப்பின் பின்னால் உட்கார்ந்து, பாதி நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் உடல் வளர்ச்சிப் படத்தைக் காட்டியதும் பையன்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள், பிறகு தாமாக அடங்கிவிட்டார்கள். மாதவிடாய் பற்றிச் சொல்லும்போது சுரேன் என்ற பையன் கைதூக்கி, வலிக்குமா டீச்சர் என்று கேட்டான். டீச்சர் வாய் திறப்பதற்குள் கணேசமூர்த்தியின் மகள் திரும்பி, கொஞ்சம் வலிக்கும் லா, உன்ன மாதிரி ஊசிக்கெல்லாம் அழ மாட்டோம் என்றாள். வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள்.

ஷாமினிக்கும் பத்து வயது நெருங்குகிறது. மருமகள் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிடாமல், குழந்தையிடம் இதையெல்லாம் சொல்லும்போது நீயும் கூட இரு. இதை நான் எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதாமல் இருக்கவும் மனம் வரவில்லை.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ எங்கள் ஆசிகள். ஷாமினி விஷயத்தில் நான் சொன்னதை மறந்துவிடாதே.

உன் அப்பா,
ராமையா