பூஜைத் தட்டிலிருந்து எடுத்த கத்தி

நேற்று ஊரப்பாக்கத்தில் புதிதாகத் திறந்திருக்கிற பாத்திரக்கடையில் ஒரு கத்தியை எடுத்துக் காட்டச் சொன்னேன். கடைக்காரர் அட்டைப்பெட்டியைத் திறந்து எண்ணெய்த்தாளைப் பிரித்தார். அந்த வாசம் ஏறியதும் நம் கம்பெனி பேக்கிங் ஹால் அப்படியே கண்முன் வந்து நின்றது. பெட்டியின் மேல் 'இந்தியாவில் வடிவமைத்தது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். சீனாவில் செய்தது என்பதை மட்டும் அடியில், எறும்பு ஊர்கிற மாதிரி. உடனே உன் குரல்தான் கேட்டது. "இன்னாடி இது, திருட்டு சாமானா விக்கிறானுங்க? ரெண்டையும் ஒரே சைசுல போட்டா இன்னா கொறஞ்சிடும்?" வாங்காமலே வெளியே வந்துவிட்டேன். கடைக்காரர் முறைத்தார். முறைக்கட்டும்.

நீ போய் நாற்பது நாளுக்கு மேல் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன் பார், இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது.

தொண்ணூறுகளின் நடுவில் மறைமலை நகரில் அந்தக் கத்திக் கம்பெனியில் நாம் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். நீ டிராயிங் போர்டில், நான் பர்ச்சேஸில். ஆபீசில் பெண்கள் என்றால் நாம் இருவர்தான். நீ கோவளம், உன் அம்மா கடற்கரைச் சாலை ஓரத்தில் மீன் விற்பவர். நான் மீன் வாசம் வந்தாலே மூக்கைப் பொத்துகிற வீட்டில் பிறந்தவள். உன் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் நான் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வேன். "நீ மீன் கத்திக்கு ஆர்டர் போடுறவ! வெளிய சொன்னா சிரிப்பானுங்க" என்று நீ சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். எனக்குக் கோபம் வரும். பத்து நிமிஷம் பேசமாட்டேன். பிறகு உன் ஊறுகாயை எடுத்துப் போட்டுக்கொள்வேன்.

அந்த மீன் கத்தி உன் கனவு. வெளிநாட்டு கேட்லாக்கைப் பார்த்து வரைந்த கத்திகள் நம் பெண்களின் கைக்கு ஒத்துவராது, ஈரக்கையில் வழுக்கும் என்று முதலாளியிடம் சண்டை போட்டு அனுமதி வாங்கினாய். மாதக்கணக்கில் வரைந்தாய், அழித்தாய். கடைசியில் டூல் ரூமில் இரண்டு கத்திகள் செய்துகொடுத்தார்கள். ஒன்றை அலமாரியில் வைத்தாய். இன்னொன்றை அம்மாவிடம் கொடுத்து ஆறு மாதம் புழங்கிப் பார்க்கச் சொன்னாய். அம்மா புழங்கினார். கூடவே, வெட்டும்போது தடுக்கிறது என்று அலகின் நடுப்பகுதியைத் தினமும் கல்லில் தேய்த்து லேசாக உள்வாங்கச் செய்துவிட்டார். "எங்கம்மா என் டிராயிங்கையே திருத்திடுச்சுடி" என்று பெருமையாக எடுத்து வந்தாய். அடுத்த மாடலுக்கு அதை வைத்து யோசிக்கலாம் என்றாய்.

அதற்குள்தான் முதலாளி அந்த முடிவை அறிவித்தார். இனிமேல் வரைவது மட்டும் இங்கே, செய்வது சீனாவில். இரண்டாயிரம் பிறந்த புதுசு அது. நீ எகிறிக் குதிப்பாய் என்று நான் எதிர்பார்த்தேன். நீ குதிக்கவில்லை. "அங்க செய்றவனும் கையாலதான செய்யப் போறான். செய்யட்டும். ஆனா இன்னா செய்யணும்னு நாம ஒழுங்கா சொல்லணும். அவனுக்கு நம்ம மீனும் தெரியாது, நம்ம பொம்பளைங்களும் தெரியாது. நாம அனுப்புறதுதான் அவனுக்கு வேதம்." இதைச் சொல்லிவிட்டு இரண்டு கத்திகளிலும் சிவப்பு நூலில் டேக் கட்டினாய். ஒன்றில் 'அனுப்ப', மற்றதில் 'அம்மா'. முதல் டேக் கட்டிய கத்தியை மட்டும் டிராயிங்கோடு சீனாவுக்கு அனுப்பு என்று சொல்லி இரண்டையும் என் மேசையில் வைத்தாய்.

மறுநாள் ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, ஸ்பேனர், ஸ்கேல், கத்தி எல்லாவற்றையும் துடைத்து மெருகேற்றி பூஜையில் வைத்தோம். பாலிஷ் போடுகிறவர் உன் இரண்டு கத்திகளையும் கேட்டார், கொடுத்தேன். திரும்பி வரும்போது இரண்டும் ஒரே மாதிரி பளபளத்தன. சந்தனப் பொட்டு வைக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று டேக்கை அவிழ்த்தது யார் தெரியுமா? நான்தான். ஒரு நிமிஷ வேலை. நீ பொரியை அள்ளி அள்ளித் தின்றுகொண்டு அந்தப் பக்கம் டிரைவரோடு வம்பளந்துகொண்டிருந்தாய்.

பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டும். விஜயதசமி காலையில் நல்ல நேரத்தில் பார்சல் கிளம்பிவிட வேண்டும் என்று முதலாளி பிடிவாதமாக இருந்தார். உனக்கு அன்று விடுமுறை. நான் மட்டும் வந்தேன். தட்டில் இரண்டு கத்திகள், பொட்டோடு. உன் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். டிராயிங்கை விரித்து அளந்திருக்கலாம். ராகு காலம் வருகிறது என்று கூரியர்காரர் வாசலில் நின்று அவசரப்படுத்தினார். மீனே நறுக்கி அறியாத நான் இரண்டையும் கையில் பிடித்துப் பார்த்து, நன்றாக உட்கார்ந்த கத்தியை எடுத்து, பொட்டைத் துடைத்து அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அங்கிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்தது. டிராயிங்கும் மாதிரியும் ஒத்துப்போகவில்லை, எதைப் பின்பற்றுவது என்று கேட்டிருந்தார்கள். நான் உன்னிடம் காட்டவேயில்லை. ஏதோ நூலளவு வித்தியாசமாக இருக்கும் என்று நினைத்து, மாதிரியைப் பின்பற்றவும் என்று எழுதி அனுப்பினேன். உன் அம்மா கோவளத்தில் உட்கார்ந்து கல்லில் தேய்த்த பள்ளத்தை, பெயர் தெரியாத ஊரில் எவரோ ஒருவர் கருவி வைத்து அளந்து, அச்சு செய்து, அப்படியே ஆயிரக்கணக்கில் செய்து அனுப்பினார். இப்போது நினைத்தால் அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதைதான். கேட்டார், பதில் வந்தது, அதன்படி செய்தார். ஒழுங்காகச் சொல்லாதது நான்.

பெட்டிகளைப் பிரித்த அன்று முதலாளி ஆடிய ஆட்டம் உனக்கு நினைவிருக்கும். எல்லோரையும் அவர் அறைக்குக் கூப்பிட்டார். "யாரும்மா இந்தத் தேஞ்ச கத்திய அனுப்புனது?" என்றார். நீ நிதானமாகச் சொன்னாய்: "சார், நான் ரெண்டுலயும் டேக் கட்டித்தான் குடுத்தேன்." அவர் என் பக்கம் திரும்பினார். "டேக் இருந்துச்சாம்மா?"

"நான் பார்க்கல சார்" என்றேன்.

மூன்றே சொல்லடி. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாகக் காரணம் தேடுகிறேன். வேலை போய்விடுமோ என்ற பயம், அவ்வளவுதான். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். உன் வாய்க்குப் பயப்படாதவர் அந்தக் கம்பெனியில் யாருமில்லை, அந்த வாய் அன்று திறக்கவில்லை. அந்த வார இறுதியில் உன்னிடம் ராஜினாமா எழுதி வாங்கினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. வீணாய்ப் போன கத்திகள் என்று அடிமாட்டு விலைக்குக் கோவளம், திருப்போரூர், மாமல்லபுரம் மீன் கடைகளில் தள்ளிவிட்டார்கள். இரண்டு மாதத்தில் மீன் விற்கிற பெண்கள் திரும்பி வந்தார்கள். "அந்த வளைஞ்ச கத்தி இன்னும் கீதா? தேய்க்கவே வாணாம், வாங்குனதுமே பழகுன கத்தியாட்டம் கீது" என்று கேட்டார்களாம். முதலாளி மறுபடி ஆர்டர் போட்டார், பிறகு மறுபடி. மாதிரியைப் பின்பற்றச் சொன்ன என் ஃபேக்ஸைத் தேடி எடுத்து, துணிச்சலான முடிவு என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார். எனக்கு மேனேஜர் பதவி வந்தது. மாலை போட்டார்கள், போட்டுக்கொண்டேன்! கத்தியை வரைந்தவள் நீ, திருத்தியவர் உன் அம்மா, செய்தவர் எங்கேயோ ஒருவர். பதவி உயர்வு எனக்கு.

நீ சதுரங்கப்பட்டினத்தில் ஃபைபர் படகு செய்கிற இடத்தில் வரைகிற வேலைக்குச் சேர்ந்து அங்கேயே வீடும் பார்த்துக்கொண்டாய். வருஷத்துக்கு இரண்டு முறையாவது நான் வருவேன். ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வருவேன். வாசலிலேயே நீ "வா வா, நாஸ்தா துன்னியா?" என்பாய். எனக்கென்று தனிப் பாத்திரத்தில் சாம்பார் வைத்திருப்பாய். ஒரு தடவை டச்சுக் கோட்டைச் சுவர் நிழலில் உட்கார்ந்திருந்தோம். "இன்னாடி, ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்லையே" என்றேன். நீ சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தாய். வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்தோம்.

உன் நோய் முற்றிய பிறகு சொல்வது அநியாயம் என்று எனக்கு நானே ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டேன். என் வசதிக்கு அதுவும் ஒரு சாக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகளைப் பார்க்கப் போனேன். இனியும் அடக்க முடியவில்லை. டேக் அவிழ்த்தது, ஃபேக்ஸ், பொய், எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். அழுதேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். உன்னைப் போலவே கைகள்.

"அம்மாக்குத் தெரியும் ஆன்ட்டி" என்றாள். "பூஜையில நீங்க அவுக்கறத அம்மா பாத்துதாம். திருப்பிக் கட்டிடுவீங்கன்னு நெனச்சுதாம்."

உனக்கு அது அன்றைக்கே தெரியும். அந்த அறையில், முதலாளி முன்னால், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெளியே போயிருக்க வேண்டியவள் நான். ஏன் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன்.

"நானும் கேட்டேன். நீங்களே சொல்லணும்னு அம்மா நெனச்சுது. நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சா காலைலயே சொல்லும், இன்னிக்கு சொல்லிடுவான்னு. மூணு நாலு வருஷம் அப்படிக் காத்துகினு இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம், அவளால முடியாது, பாவம், வுட்டுடுன்னு சொல்லிடுச்சு. அதோட நானும் அதப் பத்திக் கேக்கறதில்ல."

நீ என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். வாசலோடு துரத்தியிருந்தால் தெருவில் நின்று மன்னிப்புக் கேட்டிருப்பேன். கடைசிவரை சாம்பார் வைத்தாயே, அது சிநேகிதத்தில் வைத்ததா, இல்லை, இவளால் இவ்வளவுதான் முடியும் என்று என்னைக் கைகழுவிவிட்டு வைத்ததா? கேட்க ஆளில்லை. பதில் தெரியாமலே நான் மீதி நாளை ஓட்ட வேண்டும்.