பதிவேட்டில் ஒரு காலி வரி

அபயாங் தீவு,
கிரிபாட்டி

அன்பு மகள் மீரேவுக்கு,

நானும் உன் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், கிணற்றுத் தண்ணீர்தான் உப்புக் கரிக்கிறது. ஆக்லாந்து குளிரில் நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். நீ உலக நாடுகளின் பெரிய சபையில் பேசியதை வானொலியில் போட்டார்கள். இன்னும் பிறக்காதவர்களுக்கும் இந்தப் பூமியில் உரிமை உண்டு என்றாய், ஊரே கை தட்டியது. நான்தான் பைத்தியக்காரி மாதிரி அதை நம்பி மறுநாளே நில நீதிமன்றத்துக்குக் கிளம்பிப் போனேன். கடல் கொண்டுபோன நிலங்களைப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்போகிறார்களாம், உரிமை கேட்கிறவர்கள் மாதக் கடைசிக்குள் பெயர் கொடுக்க வேண்டுமாம். நம் கிழக்குக் கரைத் துண்டுக்கு என் பேரப்பிள்ளையை எழுதிக்கொள் என்றேன். எழுத்தர் கபோவா, உன்னோடு படித்தவன்தான், பேனாவை மூடி வைத்துவிட்டு, "பிள்ள இன்னும் பொறக்கல, நெலம் தண்ணிக்குள்ள கெடக்கு, ஆளும் இல்ல நெலமும் இல்ல, நான் என்னத்தம்மா எழுத" என்கிறான். நீ பேசியதைச் சொன்னால், அது அங்கே செல்லும், இங்கே செல்லாது என்கிறான். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. வீட்டுக்கு வந்தால் உன் அப்பா வலையைப் பிரித்துக்கொண்டே, "மீன் பேர்ல எழுதச் சொல்லு, அதுதான அங்க குடியிருக்கு" என்று சிரிக்கிறார். இந்த மனுஷனோடு முப்பது வருஷம் ஓட்டிவிட்டேன்.

நீ அனுப்பிய படக்காரர் வேறு, இடுப்பளவு தண்ணீரில் நின்று சோகமாகப் பாருங்கள் என்றார். எனக்கு வீடு இருக்கிறது, முற்றம் இருக்கிறது, நான் ஏன் தண்ணீரில் நிற்க வேண்டும்? பபாய்க் கிழங்குக் குழியைப் படம் எடுங்கள் என்றேன், அதில் பார்க்க ஒன்றுமில்லை என்று போய்விட்டார். உன் பிள்ளையின் முதல் பிறந்தநாள் விருந்துக்கென்று உன் கல்யாணத்தன்று நட்ட கிழங்கு, மீரே. போன பௌர்ணமிக்குக் கடல் உள்ளே வந்து அத்தனையும் அழுகிவிட்டது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று கடல் வற்றியிருந்த நேரம் இறங்கி நடந்து நம் எல்லைக் கல்லைத் தேடினேன். காலில் இடித்தது. அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. கபோவாவைக் கையோடு இழுத்துப் போய்க் காட்டினேன், கால்சட்டை நனைய நின்று குனிந்து தடவிப் பார்த்தான். திரும்பி வந்து பதிவேட்டில் ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறான். மாதக் கடைசிக்குள் பெயர் வந்தால் பென்சிலால் எழுதுவானாம், பிள்ளை பிறந்ததும் பேனாவால்.

அதனால் அடுத்த விமானத் தபாலில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்துகிற பெயராக ஒன்று எழுதி அனுப்பு, எழுத்து தெளிவாக இருக்கட்டும். சபைகளில் மணிக்கணக்காக நிற்காதே, கால் வீங்கும். இரும்பு மாத்திரையை மறக்காதே. ஆண்டவர் உங்கள் இருவரையும் பத்திரமாக வைக்கட்டும். பிறக்கப்போகிற அத்தனை பேருக்காகவும் பேசினாயே, எனக்கு ஒரே ஒரு பெயர் போதும்.

கோபம் இன்னும் தீராத,
உன் அம்மா